தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளம் குழந்தை: மாலை அழுகையும் மோஷன் கணக்கும்

குழந்தை பிறந்த வீட்டில் முதல் மூன்று மாதம் பேச்சு முழுக்க இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான். மோஷன் போனதா? சாயங்காலமானால் ஏன் இப்படிக் கத்துகிறது? இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. நாலு நாளாக வெளியே போகவில்லை, அதனால் வயிறு வலிக்கிறது, அதனால் அழுகிறது என்று வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அடுத்த அரை மணியில் தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு சொட்டு மருந்தும், பாட்டியின் பெட்டியிலிருந்து உரைகல்லும் வந்து நிற்கும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அழுகை ஒரு கணக்கு, மலம் வேறொரு கணக்கு. பெரும்பாலான நாட்களில் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி மருந்துகள் வீட்டுக்குள்ளேயே வராது. அதற்கான வழிமுறைதான் இது. நிறைமாதத்தில் பிறந்து, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, சுமார் 4 மாதம் வரையிலான குழந்தைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பவுடர் பால் சேர்த்துக் கொடுத்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ கணக்குகள் கொஞ்சம் மாறும்.

படி 1: ஆபத்து அறிகுறி இருக்கிறதா?

எதைப் பற்றிக் கவலைப்பட்டாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

- பச்சை நிறத்தில், பித்தம் கலந்த வாந்தி. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
- 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அளவு அவசரம்.
- பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, வலிப்பு.
- வயிறு உப்பி இறுகி, தொட்டாலே வீறிடுவது.
- ஒவ்வொரு முறை பால் குடித்ததும் தூரப் பீய்ச்சியடிக்கும் வாந்தி. முக்கியமாக 3 முதல் 6 வாரத்துக்குள் இது தொடங்கினால்.
- தொடை இடுக்கில் திடீர் வீக்கம், விதைப்பை சிவந்து வீங்குவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது.
- மலத்தில் ரத்தம். முதல் வாரம் கழிந்த பிறகு தார் போன்ற கறுப்பு மலம். எந்த வயதிலும் வெளிறிய வெள்ளை மலம்.

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும். வண்டி இல்லையென்றால் 108. குழந்தை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரி வேறொன்று அருகில் இருந்தால் அங்கே போங்கள். தூரத்தில் இருக்கும் பெயர்பெற்ற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காகப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

படி 2: மலத்துக்கு முன் சிறுநீரை எண்ணுங்கள்

பால் போதுமா என்பதைக் கண்டுபிடிக்க மலத்தை விடச் சிறுநீர்தான் எளிய வழி. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாம் ஆறாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் 6 தடவையாவது நன்றாக நனைய வேண்டும். சிறுநீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் செங்கல் பொடி மாதிரி கறை தெரிந்தால் அது யூரேட் உப்பு, பயப்பட வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அந்தக் கறை வந்தால் பால் போதவில்லை என்று பொருள். அன்றைக்கே காட்டுங்கள்.

நாள் முழுக்க டயப்பர் போட்டே வைத்திருந்தால் இந்தக் கணக்குப் பிடிபடாது. பகலில் மட்டுமாவது பழைய பருத்தித் துணியை மடித்துக் கட்டுங்கள். சென்னை வெயிலில் தோலுக்கும் அது நல்லது.

அடுத்தது எடை. பிறந்த எடையிலிருந்து முதல் சில நாட்களில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தைத் தொட்டால் தாய்ப்பால் ஊட்டும் முறையை மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும். வீட்டில் பெரியவர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, அவர் எடையைக் கழித்துக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம். அந்த மெஷினில் 200 கிராம் இப்படி அப்படிப் போகும், தூக்கம்தான் கெடும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார மையத்திலோ உங்கள் டாக்டரிடமோ ஒரே எடைக்கருவியில், துணியில்லாமல் பாருங்கள்.

சிறுநீரும் எடையும் சரி என்றால், இனிமேல் படிக்கப் போகும் பெரும்பாலானவற்றை நிதானமாகப் படிக்கலாம்.

படி 3: வயதுக்கேற்ற மலம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் வருவது காட்டுப்பீ. கரும்பச்சையாக, தார் மாதிரி ஒட்டும், வாடையே இருக்காது. பெரும்பாலான குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் போய்விடும். 48 மணி நேரமாகியும் போகவில்லை என்றால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்புகள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் போன்றவற்றை டாக்டர்கள் தேடுவார்கள். சுகப்பிரசவமாகி சீக்கிரமே டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள், குழந்தை மோஷன் போய்விட்டதா என்பதை நர்ஸிடம் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை பச்சையும் பழுப்புமாக மாறி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும். தளர்வாக, நடுவில் கடுகு அளவுக்குத் திப்பி திப்பியாக, லேசான புளித்த வாடையுடன் இருக்கும். இதைப் பார்த்துத்தான் பேதி என்று அலறுகிறார்கள். பால் வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் தானாக அசையும். பச்சிளம் குழந்தைக்கு அந்த அசைவு வலுவாக இருப்பதால் குடிக்கும்போதே போய்விடும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு 3, 4 முறை என்பது எதிர்பார்க்க வேண்டிய குறைந்த அளவு. ஒவ்வொரு பாலுக்கும் ஒன்று வீதம் 8, 10 முறை போனாலும் எடை ஏறுகிறதென்றால் அது பேதி இல்லை. திடீரென்று வழக்கத்தை விட அதிகமாகி, நீராக, துர்நாற்றத்துடன், சளியுடன் போய், குழந்தையும் சோர்ந்தால் அது பேதி. அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும். ஆறாவது வாரம் வாக்கில் பல குழந்தைகள் திடீரென்று இரண்டு நாளைக்கு ஒரு முறை, நாலு நாளைக்கு ஒரு முறை, சில குழந்தைகள் 7 முதல் 10 நாளைக்கு ஒரு முறை என்று மாறிவிடும். காரணம் எளிது. தாய்ப்பாலில் கழிவாக மிஞ்சுவது மிகவும் கொஞ்சம். குடல் பழகிய பிறகு கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே தள்ளுவதற்குப் போதிய சரக்கு சேர நாளாகிறது. பல நாள் கழித்துப் போகும்போதும் அது மென்மையாக, ஏராளமாக இருக்கும். துணி போதாது, பாய் வரைக்கும் வரும்.

மலச்சிக்கல் என்று சொல்ல நாட்களின் எண்ணிக்கை போதாது. ஆட்டுப்புழுக்கை மாதிரி கெட்டியாக வந்தால்தான் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் அது அபூர்வம், வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: நான்கு வாரம் ஆவதற்கு முன்பே மோஷன் குறைந்து நாள் தள்ளிப் போனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வயதில் குறைவான மலம், குறைவான பாலின் அடையாளமாக இருக்கலாம். எடை பார்த்தாக வேண்டும். ‘தாய்ப்பால் குழந்தை பத்து நாள் போகாவிட்டாலும் ஒன்றுமில்லை’ என்று பக்கத்து வீட்டில் சொல்வது ஆறு வாரக் குழந்தைக்குப் பொருந்தும், பத்து நாள் குழந்தைக்குப் பொருந்தாது.

நிறங்களில் மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாமே சரிதான். ஒரு நாள் பச்சையாகப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்த நாட்களில் பச்சையாகத் தளர்வாகப் போகும். இரும்புச் சத்து சொட்டு மருந்து கொடுத்தால் கறுக்கும். அம்மாவின் முலைக்காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கி மலத்தில் வரலாம். ஆனாலும் ரத்தம் என்றால் டாக்டர் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல வேண்டும், நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

வெள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மலம் சுண்ணாம்பு, களிமண் நிறத்தில் வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும் அளவுக்கு அடர்ந்து, இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். இதற்குச் செய்யும் ‘கசாய்’ (Kasai) என்ற அறுவை சிகிச்சை, குழந்தை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். காலை வெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த 60 நாள் வீட்டிலேயே கரைந்துவிடும்.

படி 4: முக்குவதைப் பார்த்து மிரளாதீர்கள்

முகம் சிவந்து, காலை மடக்கி, பத்து இருபது நிமிடம் முக்கி முனகி அழுது, கடைசியில் மென்மையாகப் போகும். எல்லாரும் மலச்சிக்கல் என்பார்கள். வெளியே வந்தது மென்மையாக இருக்கும்போது அது எப்படி மலச்சிக்கலாகும்? மலம் கழிக்க வயிற்றை இறுக்கும் அதே நேரத்தில் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்யக் குழந்தை இன்னும் பழகவில்லை. சில வாரங்களில் தானாகவே பழகிவிடும்.

இந்த இடத்தில்தான் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது எல்லாம் நடக்கிறது. வேண்டாம். மெல்லிய தசை கிழியலாம், சோப்பு எரிச்சலைக் கிளப்பும். உடனே பலன் தெரிவதுதான் இதிலுள்ள சிக்கல்: அடுத்த முறையும் காம்பைத் தேடுவார்கள், குழந்தைக்குத் தானாகப் பழகும் வாய்ப்பு தள்ளிப்போகும். முழங்காலை வயிற்றுப் பக்கம் மெதுவாக மடக்கிப் பிடித்தால் போதும். வெந்நீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்கக் கூடாது. கத்திரி வெயிலிலும் 6 மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் குழந்தை அடிக்கடி குடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

படி 5: மாலை அழுகையின் வரைபடம்

எல்லாக் குழந்தைகளும் அழும். இரண்டாவது வாரத்தில் அழுகை கூட ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-ல் ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையைக் கணக்கெடுத்தார். ஆறு வாரத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. நோயில்லாத குழந்தைகளின் கணக்கு அது. குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஆறு வாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கோலிக் என்பது இதன் உயர்ந்த முனை. 1954-ல் மாரிஸ் வெசல் என்ற குழந்தை மருத்துவர் வகுத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது: ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல். இப்போது மருத்துவர்கள் மணிக்கணக்கில் அவ்வளவு பிடிவாதமாக இருப்பதில்லை. 5 மாதத்துக்குள், காரணம் தெரியாமல், நீண்ட நேரம், திரும்பத் திரும்ப, சமாதானப்படுத்த முடியாமல் அழுது, காய்ச்சலோ வளர்ச்சிக் குறைவோ இல்லாமல் இருந்தால் கோலிக் என்கிறார்கள். காரணம் இன்றுவரை உறுதியாகப் பிடிபடவில்லை. வாயு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அழும்போது விழுங்கிய காற்று. காலை மடக்குவது, கையை இறுக்குவது, வயிறு கல்லாவது எல்லாம் பலமாக அழும் எந்தக் குழந்தையும் செய்வதுதான். அதை வைத்து வயிற்றுவலி என்று முடிவு கட்ட முடியாது.

ஆறாவது வாரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், ரோட்டா வைரஸ் முதலிய தடுப்பூசிகளும் சொட்டு மருந்துகளும் அந்த வாரத்தில்தான். ஊசி போட்ட ஓரிரு நாள் லேசான காய்ச்சல், அழுகை, சிலருக்குத் தளர்ந்த மோஷன் இருக்கும். காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் தொடரும் மாலை அழுகையை ஊசி மேல் போட்டு, 10-வது வார ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் அழுகை உச்சத்தில்தான் இருந்திருக்கும்.

படி 6: அழும்போது வரிசையாக என்ன பார்ப்பது

முதலில் பால். போன தடவை கொடுத்து அரை மணிதான் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருப்பது இந்த வயதின் வழக்கம். அந்நேரம் மார்பு தளர்ந்து இருப்பதால் பால் வற்றிவிட்டது என்று பவுடர் பால் டப்பா திறக்கப்படுகிறது. அப்படித் திறந்த பிறகுதான் பால் உண்மையிலேயே குறையத் தொடங்கும், ஏனென்றால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும்.

அடுத்தது துணியைக் கழற்றி உடம்பு முழுக்கப் பாருங்கள். எறும்பு கடித்திருக்கலாம். அரைஞாண் கயிறு, கால் கறுப்புக் கயிறு, கையில் கட்டிய வசம்பு மணி இறுகியிருக்கலாம். அம்மாவின் தலைமுடி ஒன்று கால்விரலைச் சுற்றி இறுக்கியிருக்கலாம். இது கற்பனையில்லை: விரல் நீலமாகி வீங்கிய பிறகுதான் கண்ணில் படும், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய விஷயம்.

பிறகு வெப்பம். மே மாதத்தில் ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், மேலே ஒரு போர்வை, ஃபேன் போட்டால் ஜன்னி வரும் என்று அதையும் அணைத்துவிடுவது. குழந்தை அழாமல் என்ன செய்யும்? முதுகைத் தொட்டுப் பாருங்கள், வேர்வை இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். நேரே மேலே படாமல் ஃபேன் ஓடலாம்.

அதுவும் சரி என்றால் சத்தத்தையும் கூட்டத்தையும் குறையுங்கள். சீரியல் ஓடுகிற ஹாலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பார்க்க வந்த எட்டுப் பேர் கைமாற்றிக் கொஞ்சிய குழந்தை, ஏழு மணிக்குக் கதறுவதில் ஆச்சரியமில்லை. இருட்டான அறைக்குள் எடுத்துப்போய், மேல்துணி இல்லாமல் அம்மாவின் அல்லது அப்பாவின் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தாலாட்டு, சீரான ‘ஷ்ஷ்’ ஒலி, ஃபேன் இரைச்சல் எது வேலை செய்கிறதோ அது. முன்கை மேல் குப்புறப் படுக்கவைத்து, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, மெல்ல நடப்பது பல குழந்தைகளுக்குப் பிடிக்கும். மாலையில் வெதுவெதுப்பான குளியலும் சிலருக்கு அமைதி தரும். பால் கொடுத்து கொஞ்ச நேரம் கழித்து, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் திசையில் மெதுவாகத் தடவலாம், கால்களை சைக்கிள் மிதிப்பது போல அசைக்கலாம். ஒரு முறையை ஐந்து நிமிடமாவது தொடருங்கள். நொடிக்கு ஒன்று மாற்றினால் அதுவே குழந்தையை இன்னும் மிரட்டும்.

தூளி பற்றிக் கேட்பீர்கள். பக்கத்தில் ஆள் இருந்து, மெதுவாக ஆட்டினால் சமாதானப்படுத்த உதவும். இரவுத் தூக்கத்துக்கு மல்லாந்து, சமதளப் படுக்கை, தலையணை இல்லாமல். தூளியில் கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும்.

திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உப்பும் மிளகாயும் குழந்தையின் வயிற்றுக்குள் போவதில்லை, பாட்டிக்கும் நிம்மதி. மிளகாய்ப் புகை மட்டும் குழந்தை இருக்கும் அறைக்கு வர வேண்டாம், சாம்பிராணிப் புகைக்கும் அதேதான். ஆனால் உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுப்பது, குடலேற்றம் தட்டுவது ஆகியவற்றுக்கு இடமே கொடுக்காதீர்கள். கழுத்து நிற்காத குழந்தையை உருட்டினால் காயம் படும்.

படி 7: பால் கொடுக்கும் முறையும் அம்மாவின் தட்டும்

முலைக்காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவட்டத்தில் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், அம்மாவுக்கு வலிக்கக் கூடாது. பிடிப்பு சரியில்லாவிட்டால் காற்றும் உள்ளே போகும். ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும்வரை கொடுத்துவிட்டு மறுபக்கம் மாற்றுங்கள். பால் மிக அதிகமாகச் சுரக்கும் அம்மாக்கள் ஐந்து ஐந்து நிமிடமாகப் பக்கம் மாற்றினால், முதலில் வரும் நீர்த்த பாலே வயிற்றை நிரப்பி, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கூடிப்போய், நுரைத்த பச்சை மோஷனும் வாயுவும் வரலாம். குடித்த பிறகு தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடச்செய்யுங்கள். வரவில்லை என்றால் கால் மணி நேரம் முதுகைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பத்தியத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: குழந்தையின் வாயுவுக்கும் அம்மா சாப்பிட்ட பருப்புக்கும் சம்பந்தம் இல்லை. உருளைக்கிழங்கு, வாழைக்காய், கடலை எல்லாம் அம்மாவின் குடலில் வாயுவை உண்டாக்கும். அந்த வாயு ரத்தம் வழியாகப் பாலுக்குப் போவதில்லை. வெறும் ரசம் சாதமும் சுட்ட அப்பளமுமாக ஒரு மாதம் தள்ளினால் உண்மையாக மலச்சிக்கல் வருவது அம்மாவுக்குத்தான். பூண்டு, பால் சுறா, கீரை, பழம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஃபில்டர் காபி இரண்டு டம்ளருக்குள் இருக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தையின் மலத்தில் சளியும் ரத்தக் கோடுகளும், தோலில் கரப்பான் போன்ற தடிப்பும் சேர்ந்து இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது டாக்டர் சொல்லி அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பனீர் அனைத்தையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

படி 8: மருந்துப் பெட்டியைச் சலித்துவிடுங்கள்

டைசைக்ளோமின் இருக்கும் சொட்டு மருந்துதான் முதலில் வெளியே போக வேண்டியது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் வலிப்பும் ஏற்படுத்தியிருப்பதால் அந்த வயதில் இதைக் கொடுக்கவே கூடாது. வயிற்றுவலிக்கு என்று கேட்டால் கவுன்டரில் சர்வசாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். லேபிளில், வாயுக் குமிழை உடைக்கும் சிமெதிகோனுடன் சேர்ந்து டைசைக்ளோமின் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தனி சிமெதிகோன் ஆபத்தில்லாதது, ஆனால் கோலிக்குக்கு வெறும் இனிப்புத் திரவத்தை விடப் பெரிதாக வேலை செய்வதில்லை.

கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே ஆல்கஹாலும் அதில் இருந்தது. குழந்தை அமைதியானதில் எதற்குப் பங்கு அதிகம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது ஆல்கஹால் கிடையாது. கோலிக் குறையும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது. ஓமத் தண்ணீரும் குழந்தைக்கு வேண்டாம், அம்மா குடித்துக்கொள்ளட்டும்.

உரை மருந்தில் வசம்பு இருக்கும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரெடுத்தது, அதனாலேயே இதைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை உடையது. அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளக்க முடியாது. பெருங்காயம் உள்ளுக்குக் கொடுத்த குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்த கேஸ் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவது, கொடி விழுந்து புண் ஆறிய பிறகென்றால் கெடுதல் இல்லை. விளக்கெண்ணெய் உள்ளுக்கு வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். சேனை வைக்கும் தேனை ஒரு வயது வரை நிறுத்துங்கள். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும். அதன் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான்.

லாக்டோபாசிலஸ் ரியூடரி என்ற புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) சொட்டு மருந்துக்கு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. டிஎஸ்எம் 17938 என்ற வகையைத்தான் ஆராய்ந்தார்கள், எல்லா புரோபயாடிக்கும் அதுவாகாது. டாக்டர் எழுதினால் கொடுங்கள். வைட்டமின் டி சொட்டு எழுதியிருந்தால் அதைத் தொடருங்கள், அதற்கும் இந்த அழுகைக்கும் சம்பந்தமில்லை.

படி 9: கை மாற்றுங்கள்

மூன்றாவது மணி நேரத்தில் யாருக்கும் பொறுமை போகும். குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போங்கள். அந்தப் பத்து நிமிடம் அழுததால் ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகலாம். வேலைக்காகத் தனியாகக் குடிவந்த தம்பதிகள் மாலை நேரத்தை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்பா நாளைக்கு ஆபீஸ் போக வேண்டும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் அம்மா பார்க்கும் இந்த வேலைக்கு லீவே கிடையாது.

குழந்தை தூங்கியும் அம்மாவுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும்.

படி 10: டாக்டரிடம் போகும்போது

‘ரொம்ப அழுகிறது டாக்டர்’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. மூன்று நாள் கணக்கு கொண்டுபோங்கள்: எத்தனை முறை நனைந்தது, எத்தனை முறை மோஷன், என்ன நிறம், அழுகை எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு அடங்கியது. ஃபோனில் குறித்தால் போதும். மோஷன் நிறத்தில் சந்தேகம் இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளை மலமும் மஞ்சளாகத்தான் தெரியும். முடிந்தால் அந்தத் துணியையே கவரில் போட்டு எடுத்துப் போங்கள், குழந்தை டாக்டர்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள், பாட்டி கொடுத்த உரை மருந்து உட்பட.

எல்லாம் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை, கோலிக்தான்’ என்று சொன்னால், ஒரு மருந்தாவது எழுதிக் கொடுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். எடையை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த எடை, 10-வது வாரத் தடுப்பூசி போடும் நாளில் அதே எடைக்கருவியில்.